பாபநாசம் சிவன்

பாபநாசம் சிவன் (செப்டம்பர் 26, 1890 – அக்டோபர் 1, 1973) கருநாடக இசைப் பாடகர், பாடலாசிரியர், இசையமைப்பாளர், திரைப்பட நடிகர். சொல்லையும் மெட்டையும் தாமே அமைத்துப் பாடிய வாக்கேயக்காரர். எளிய தமிழில் கீர்த்தனைகள் இயற்றியதால் 'தமிழ்த் தியாகராஜர்' என்று அழைக்கப்படுகிறார்.

வாழ்க்கைச் சுருக்கம்

அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்த போலகம் என்னும் ஊரில் பிறந்தார். இயற்பெயர் ராமசர்மா. ஏழு வயதில் தந்தையை இழந்தார். 1899 இல் தாய் யோகாம்பாள் பிள்ளைகளுடன் திருவாங்கூருக்குக் குடிபெயர்ந்தார். திருவனந்தபுரத்தில் வடமொழி இலக்கணம் பயின்ற சிவனை, நீலகண்ட சிவனின் பக்திப் பாடல்கள் பெரிதும் ஈர்த்தன.

1910 இல் தாய் மறைந்தபின், பாபநாசத்தில் வசித்த தமையன் ராஜகோபாலனிடம் வந்து சேர்ந்தார். காவிரிக்கரைக் கோயில் விழாக்களில் பஜனை பாடி வந்த இவரைக் கணபதி அக்கிரகாரத்து மக்கள் 'பாபநாசம் சிவன்' என்று அழைக்க, அதுவே பெயராக நிலைத்தது. கோனேரிராஜபுரம் வைத்தியநாதய்யரின் பாட்டைக் கேட்டும் இசையறிவை வளர்த்துக்கொண்டார். இவரது முதல் கீர்த்தனை குந்தலவராளி ராகத்தில் திருவாரூர்த் தியாகராஜர் மீது அமைந்தது.

பின்னர் சென்னையில் குடியேறி, கலாக்ஷேத்திராவில் இசை கற்பித்தார். மார்கழி விடியலில் மயிலாப்பூர் மாடவீதிகளில் இவர் நடத்திய பஜனை புகழ்பெற்றது.

கீர்த்தனைகள்

திருவாரூரில் பிறந்த இசை மும்மூர்த்திகள் பெரும்பாலும் தெலுங்கிலும் வடமொழியிலும் பாடல் இயற்றினர். கச்சேரிகளில் தமிழ்ப் பாடல்கள் இறுதியில் பாடப்படும் துக்கடாக்களாகவே பெரிதும் இருந்தன. 1940களில் தமிழிசை இயக்கம் இந்நிலையைக் கேள்விக்குள்ளாக்கியபோது, விரிவாகப் பாடத்தக்க தமிழ்க் கீர்த்தனைகள் போதிய அளவில் உண்டா என்ற எதிர்வாதமும் எழுந்தது. வராளியில் 'கா வா வா', காம்போதியில் 'காணக் கண் கோடி', மோகனத்தில் 'கபாலி' போன்ற சிவனின் பாடல்கள் அதற்கு நேரடி விடையாயின. ராக ஆலாபனை, நிரவல், கற்பனை சுரம் ஆகிய அனைத்துக்கும் இவை இடம் தருகின்றன. அதேவேளை, காபியில் அமைந்த 'என்ன தவம்' போன்ற எளிய பாடல்களும் இவருடையவை. இவரது முத்திரை 'ராமதாசன்'.

திரைத்துறை

1934 இல் வெளியான சீதா கல்யாணம் படத்தின் வழியாகத் திரைத்துறைக்கு வந்தார். சிவகவி (1943), ஹரிதாஸ் (1944) ஆகிய படங்களில் எம். கே. தியாகராஜ பாகவதர் பாடிய பாடல்களை இவர் இயற்றினார்; வாத்திய இசையை ஜி. ராமநாதன் அமைத்தார். சென்னையில் மூன்று தீபாவளிகளைக் கண்ட ஹரிதாஸ் படத்தின் 'மன்மத லீலையை' பாடல் சாருகேசி ராகத்தைச் சங்கீதம் பயிலாதவர்களிடமும் கொண்டுசேர்த்தது.

பக்த குசேலா (1936) படத்தில் குசேலராகவும், கல்கியின் கதையைத் தழுவிய தியாகபூமி (1939) படத்தில் சம்பு சாஸ்திரியாகவும் நடித்தார். கே. சுப்பிரமணியம் இயக்கிய தியாகபூமியைப் பிரித்தானிய அரசு தடைசெய்தது.

பிற்காலத்தில் திரைப்பாடல்களின் மெட்டும் நடையும் மாறியபோது சிவன் படிப்படியாக அத்துறையிலிருந்து விலகினார். கீர்த்தனைகள் இயற்றுவதைத் தொடர்ந்தார். இராமாயணத்தை 'ஸ்ரீராம சரித கீதம்' என்ற இசைப்படைப்பாக ஆக்கினார்.

விருதுகள்

- சங்கீத கலாநிதி, சென்னை மியூசிக் அகாதெமி, 1971
- பத்ம பூஷண், இந்திய அரசு, 1972

குடும்பம்

தமையன் ராஜகோபாலனின் மகள், நடிகையும் தமிழக முன்னாள் முதலமைச்சருமான வி. என். ஜானகி. சிவனின் மகள் ருக்மிணி ரமணி தந்தையின் பாடல்களைக் கற்பித்தும் பதிப்பித்தும் பரப்பினார்.