பகல் முழுக்க மேயும் மீனுக்கு ஒரு துண்டு கடற்பாசி

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்கள் சுருக்கப்பட்டிருக்கின்றன.)

கடலே இல்லாத தருமபுரி மாவட்டத்துல இருந்து உப்புத்தண்ணி மீன் பத்திப் பேசறேன். சிரிக்கறவங்க சிரிச்சுக்கலாம். ஆனா நம்ம பக்கத்துல உப்புத்தண்ணி தொட்டி வைக்கறவங்க கொஞ்சம் கொஞ்சமா கூடிட்டு வர்றாங்க, கேள்வியும் வருது.

பாலக்கோட்டுல இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தாரு: "அண்ணா, என்கிட்ட ஒரு பவுடர் ப்ளூ மீன் இருக்கு. பெல்லட் சாப்பிடுது, ஆர்ட்டீமியா போட்டா பாய்ஞ்சு வருது. ஆனாலும் வயிறு உள்ள ஒட்டிக்கிட்டே போகுது. என்ன பண்றது?"

ரொம்ப நல்ல கேள்வி. சாப்பிடற மீன் எப்படி மெலியும்? இன்னிக்கு முழு எபிசோடும் அதைப் பத்திதான்.

இது மேயற மீன்

பவுடர் ப்ளூ, சர்ஜன் மீன் குடும்பத்தைச் சேர்ந்தது. வால் ஆரம்பிக்கற இடத்துல ரெண்டு பக்கமும் கத்தி மாதிரி ஒரு முள் இருக்கும், அதனாலதான் அந்தப் பேரு. ஹாபியில இருக்கறவங்க 'டேங்'னு சொல்வாங்க. தொட்டியையும் டேங்க்னு சொன்னா குழம்பிடும்ங்கறதால, தொட்டியைத் தொட்டின்னே சொல்றேன். லட்சத்தீவு, மாலத்தீவு, அந்தமான் பக்கம் பவளப்பாறைகள்ல வாழற மீன் இது. அங்க அதோட வேலை ஒண்ணே ஒண்ணு: விடிஞ்சதுல இருந்து பொழுது சாயற வரைக்கும் பாறைமேல முளைக்கற பாசியைக் கொத்திக்கிட்டே இருக்கறது.

ஆடு மேயறதைப் பார்த்திருப்பீங்க. காலையில ஒரு வேளை, ராத்திரி ஒரு வேளைன்னு ஆடு சாப்பிடாது. சர்ஜன் மீனும் அப்படித்தான். பாசியில ஒரு வாய்க்குக் கிடைக்கற சத்து கம்மி, அதனால வாய் ஓயாம சாப்பிடணும். குடல் நீளம். அந்தக் குடலுக்குள்ள கிருமிகளோட ஒரு ஊரே இருக்கு.

அதுல ஒண்ணைச் சொல்லியே ஆகணும். 1985ல செங்கடல்ல பிடிச்ச பழுப்பு நிற சர்ஜன் மீனோட குடல்ல ஒரு விநோதமான உயிரைக் கண்டுபிடிச்சாங்க. ஒரே செல், ஆனா அரை மில்லிமீட்டருக்கு மேல நீளம். வெறும் கண்ணுக்கே தெரியும். இவ்ளோ பெருசா பாக்டீரியா இருக்கவே முடியாதுன்னு நினைச்சு வேற ஏதோ உயிர்னு வகைப்படுத்தினாங்க. 1993லதான் மரபணுவைப் பார்த்து அது பாக்டீரியாவேதான்னு உறுதியாச்சு. எப்புலோபிஸியம்னு பேரு. பாசியைச் செரிக்க இப்படி ஒரு கூட்டத்தையே குடலுக்குள்ள வளர்க்கற மீன் குடும்பம் இது. அதுக்கு நாம ரெண்டு வேளை இறால் துணுக்கும் பெல்லட்டும் மட்டும் போட்டா, ஆட்டுக்குத் தினமும் முட்டை பொரிச்சுப் போடற கதைதான். ஆசையா சாப்பிடும், ஆனா அது அந்த உடம்புக்கான சாப்பாடு கிடையாது.

பாலக்கோடு தம்பிக்கு இங்கேயே ஒரு எச்சரிக்கையும் சொல்லிடறேன். பாசி தினமும் கொடுத்து ரெண்டு மூணு வாரம் ஆகியும் வயிறு தேறலைன்னா, குடல் புழு மாதிரி ஒட்டுண்ணியா இருக்கலாம். அது தீவனத்தால தீராது, தனியா வைத்தியம் பார்க்கணும்.

எந்தப் பாசி?

நம்ம ஊர் மளிகைக் கடையில 'கடல்பாசி' கேட்டா, வெள்ளையா நூல் நூலா இருக்கற அகர் அகரைத்தான் எடுத்துக் கொடுப்பாங்க. நோன்பு மாசத்துல ஜெல்லி செய்ய வாங்குவாங்களே, அதுதான். அது பாசியில இருந்து காய்ச்சி எடுத்த பசை மட்டும். மீனுக்கு ஆகாது.

நமக்கு வேண்டியது நோரி. சூஷி சுத்தற கருப்புப் பச்சை ஷீட். சூப்பர் மார்க்கெட்ல, ஆன்லைன்ல கிடைக்கும். வாங்கும்போது பாக்கெட்டைத் திருப்பிப் படிங்க. சேர்க்கப்பட்ட பொருட்கள்ல 'கடற்பாசி'ன்னு ஒரே ஒரு வார்த்தைதான் இருக்கணும். நல்லெண்ணெய், உப்பு, மசாலா சேர்த்த கொரிய ஸ்நாக்ஸ் வகை வேண்டாம். அந்த எண்ணெய் தண்ணிமேல படலமா நிக்கும்.

இந்த ஷீட் இவ்ளோ சுலபமா கிடைக்கறதுக்குப் பின்னாடி கேத்லீன் ட்ரூ பேக்கர்ங்கற பிரிட்டிஷ் தாவரவியலாளர் இருக்காங்க. நோரிப் பாசி வருஷத்துல பாதி நாள் எங்க காணாம போகுதுன்னு ஜப்பான் விவசாயிகளுக்கே தெரியாம இருந்தது. அது சிப்பி ஓட்டுக்குள்ள வேற உருவத்துல ஒளிஞ்சிருக்குன்னு 1949ல இவங்க எழுதினாங்க. அதுக்கப்புறம்தான் அதை நம்பி விதைச்சு வளர்க்க முடிஞ்சது. அவங்க ஜப்பானுக்குப் போனதே இல்ல, ஆனா அங்க அவங்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கு.

"நம்ம கடல் பாசியே இருக்கே?"ன்னு கேப்பீங்க. இருக்கு. ராமநாதபுரம் கடற்கரையில கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரைன்னு ஒவ்வொண்ணுக்கும் பேர் வச்சு எடுக்கற பெண்கள் இருக்காங்க. மண்டபம், பாம்பன் பக்கம் மூங்கில் தெப்பம் கட்டி கப்பாஃபைகஸ் பாசி வளர்க்கறாங்க. சுமார் 45 நாள்ல அறுவடை. அந்தத் தெப்பத்துக்கு அடியில வலை கட்டுவாங்க. ஒரு காரணம் ஓரா மீன். அதுவும் மேயற இனம், விட்டா அறுவடைக்கு முன்னாடியே பாதியைத் தின்னுடும். அங்க விவசாயிக்குத் தொல்லையா இருக்கற அதே பசியைத்தான் இங்க நம்ம தொட்டியில நாம தீர்க்கணும்.

ஆனா கரையில ஒதுங்கின பாசியை அள்ளிட்டு வந்து தொட்டியில போடாதீங்க. கூடவே என்னென்ன புழு பூச்சி வரும்னு சொல்ல முடியாது. மன்னார் வளைகுடாவுல 21 தீவுகளைச் சுத்தி தேசியப் பூங்கா இருக்கு, அங்க எடுக்கறதே தப்பு.

கீரை போடலாமான்னும் கேக்கறாங்க. நோரி தீர்ந்துபோச்சுன்னா ஒரு நாள் சமாளிக்கலாம். தினசரி சாப்பாடா முடியாது. தரையில வளர்ற இலையோட நார் வேற, கடற்பாசியோடது வேற.

எப்படிக் கொடுக்கறது, எவ்வளவு?

கண்ணாடியில ஒட்டற காந்தக் கிளிப் ஒண்ணு போதும். ஷீட்டுல ரெண்டு விரல் அகலத்துக்குக் கிழிச்சு, தண்ணி ஓட்டம் மிதமா இருக்கற இடத்துல மாட்டுங்க. முதல் நாள் மீன் திரும்பியே பார்க்காம போகலாம், பயப்படாதீங்க. ஒரு சின்னக் கல்லுல ரப்பர் பேண்ட் போட்டு பாசியைச் சுத்தி, மேயற இடத்துலயே வச்சா சீக்கிரம் பழகிக்கும். சாயங்காலத்துக்குள்ள மிச்சத்தை எடுத்துடுங்க. இல்லன்னா கரைஞ்சு போய் பம்ப்ல மாட்டும். ரெண்டு சர்ஜன் மீன் இருந்தா ரெண்டு கிளிப், எதிரெதிர் மூலையில. சாப்பாட்டுக்கு அந்தக் கத்தியை எடுத்துடுவாங்க.

இப்போ கணக்கு. எஞ்சினியர்கிட்ட வந்துட்டீங்க, தப்பிக்க முடியாது.

ஒரு நோரி ஷீட் சுமார் 3 கிராம். அதுல மூணுல ஒரு பங்கு புரதம்னு வச்சுக்குவோம், அதாவது 1 கிராம். புரதத்துல சுமார் 16 சதவீதம் நைட்ரஜன். அது மொத்தமும் நைட்ரேட்டா மாறினா ஏறக்குறைய 0.7 கிராம். 400 லிட்டர் தொட்டியில ஒரு முழு ஷீட், லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் கம்மியா நைட்ரேட்டை ஏத்தும். தினமும் கால் ஷீட் கொடுத்தா வாரத்துக்கு 3 மில்லிகிராம். மீன் வளர்ச்சிக்கும் ஸ்கிம்மருக்கும் ஒரு பங்கு போயிடும், அதனால இது அதிகபட்சக் கணக்கு.

"வாரம் 10 சதவீதம் தண்ணி மாத்தறேனே?" மாத்துங்க. ஆனா அதனால இருக்கற நைட்ரேட்டுல 10 சதவீதம்தான் வெளிய போகும். வாரம் 3 உள்ள வருது, பத்துல ஒரு பங்கு வெளிய போகுதுன்னா, அது 30 பக்கம் போய்தான் நிக்கும். பெல்லட் கணக்கு இதுல சேரவே இல்ல.

நம்ம மாவட்டத்துல இது வெறும் நம்பர் கிடையாது. நிலத்தடித் தண்ணியில ஃப்ளோரைடு அதிகம்னு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே கொண்டு வந்த ஊர் இது. அந்தத் தொட்டிக்கு 10 சதவீதம்னா 40 லிட்டர். வீட்டு ஆர்ஓ மெஷின்ல 40 லிட்டர் நல்ல தண்ணி எடுக்க, 80 முதல் 120 லிட்டர் வரை கழிவாப் போகும். மேல சுமார் ஒன்றரை கிலோ கடல் உப்பு. கோடையில தெருவுல குடத்தோட வரிசை நிக்கும்போது, இதைக் கூச்சப்படாம செய்ய என்னால முடியல. கழிவுத் தண்ணியை வீடு துடைக்க, பாத்ரூமுக்குன்னு பிடிச்சு வைக்கறேன்.

அதனால நான் வந்து நின்ன இடம்: சம்ப்ல பாசி வளர்க்கறது. தொட்டிக்குக் கீழ இருக்கற சம்ப்ல ஒரு அறை, ஒரு லைட், அதுல கஞ்சிப்பாசியோட சொந்தக்கார கிராசிலேரியா வகை ஏதாவது ஒண்ணு. மீன் கழிவுல இருக்கற நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் அது இழுத்துக்கிட்டு வளரும். வாரத்துக்கு ஒரு கைப்பிடி கிள்ளி மீனுக்கே போடுங்க. வெளிய இருந்து வர்ற நோரி குறையும், தண்ணி மாத்தறதும் குறையும். ஒரே நாள்ல நடக்காது, பாசி பிடிச்சு வளர ஒண்ணு ரெண்டு மாசம் கொடுங்க. அதுவரைக்கும் நோரிதான்.

கடைசியா ஒண்ணு. இந்த மீன் பெரும்பாலும் கடல்ல பிடிச்சு வந்ததுதான். நாலு அடிக்குக் குறைவான தொட்டியில வைக்காதீங்க. தினமும் பாசி போட நேரம் இல்லன்னா வாங்காதீங்க, க்ளவுன் மீனோட நிறுத்திக்கலாம், ஒண்ணும் குறைஞ்சு போயிடாது. ஏற்கெனவே வாங்கிட்டீங்கன்னா, வாரம் ஒரு தடவை பக்கவாட்டுல நின்னு, துடுப்புக்குப் பின்னாடி வயிறு உப்பலா இருக்கா, குழியா இருக்கான்னு பாருங்க. போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்குங்க. நாலு வாரப் போட்டோவை வரிசையா வச்சா மீன் தேறுதா இல்லையான்னு தெரிஞ்சுடும்.

பாலக்கோடு தம்பி, ஒரு மாசம் கழிச்சு அந்த நாலு போட்டோவையும் அனுப்புங்க. அடுத்த எபிசோடுல சம்ப் லைட் பத்திப் பேசலாம்.