ஆறு கண் சிலந்தி எங்கே இருக்கிறது?

செல்லங்களே, சுவர் மூலையில் சிலந்தியைக் கண்டதும் ஓடிவிடாமல், "இது என்ன சிலந்தி?" என்று கேட்கிறீர்களே, அதற்கே உங்களைத் தட்டிக்கொடுக்க வேண்டும். அந்தக் கேள்விக்கு ஊர் ஊராக விடை தேடிய கதை ஒன்று சொல்கிறேன்.

அமெரிக்காவில் 'பிரவுன் ரெக்ளூஸ்' என்று ஒரு விஷச் சிலந்தி உண்டு. உடம்பு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான். பழைய அட்டைப்பெட்டி, நாள்பட எடுக்காத துணிமணி என்று இருட்டில் ஒளிந்துகொள்ளும். கடித்தால் சில சமயம் தோல் அழுகிப் புண்ணாகும். ஆனால் பாவம், கூச்ச சுபாவம்! கான்சாஸில் ஒரு வீட்டில் ஆறு மாதத்தில் 2,055 சிலந்திகள் பிடிபட்டன. அங்கே இருந்த நாலு பேரில் ஒருவரைக்கூட அது கடிக்கவில்லை.

மிசௌரி, கான்சாஸ், அர்கன்சாஸ் பக்கம்தான் அதன் சொந்த ஊர். ஆனால் தூரத்தில் இருக்கும் கலிஃபோர்னியாக்காரர்களும், "எங்கள் வீட்டிலும் இருக்கிறது" என்று பயந்தார்கள். புண்ணைப் பார்த்த மருத்துவர்கள் சிலரும் அப்படியே நம்பினார்கள்.

உண்மையை எப்படிக் கண்டுபிடிப்பது? கொஞ்சம் யோசியுங்கள்.

வகுப்பில் பேர் கூப்பிடும்போது, ஆள் நேரில் இருந்தால்தானே 'உள்ளேன் ஐயா' செல்லும்? "அவன் வந்திருப்பான்" என்று பக்கத்துப் பையன் சொன்னால் செல்லுமா? சிலந்திக்கும் அதே கணக்குதான். ரிவர்சைடில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிக் வெட்டர், சந்தேகப்படும் சிலந்தியையே அனுப்பி வைக்கும்படி மக்களைக் கேட்டுக்கொண்டார். 49 மாநிலங்களிலிருந்து 1,773 வந்து சேர்ந்தன!

எப்படி அடையாளம் பார்ப்பது? அதன் முதுகில் வயலின் போன்ற ஒரு கறை இருக்கும். அதை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். வேறு சிலந்திகளிலும் ஏதோ ஒரு கறை வயலின் மாதிரியே தோன்றும். லென்ஸ் வைத்துக் கண்ணைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான சிலந்திகளுக்கு எட்டுக் கண்கள். இதற்கு ஆறுதான். முன்னால் ஒரு ஜோடி, இரு பக்கமும் ஒவ்வொரு ஜோடி. புரிகிறதா?

2005-இல் முடிவு வெளிவந்தது. சொந்த ஊர்ப் பக்கத்திலிருந்து வந்தவற்றில் அது தாராளமாகவே இருந்தது. கலிஃபோர்னியாவிலிருந்து வந்தவை 581. அவற்றில் ஒன்றே ஒன்றுதான் பிரவுன் ரெக்ளூஸ். அதுவும் மிசௌரியிலிருந்து குடிமாறி வந்த ஒரு குடும்பத்திடம் கிடைத்தது.

எனக்கு மிகவும் பிடித்தது மீதி 580-தான். 'இது அது இல்லை' என்பதும் பெரிய கண்டுபிடிப்பு! இல்லாத சிலந்தி மேல் பழிபோட்டால், கிருமியால் வந்த புண்ணுக்குச் சரியான மருந்து கிடைக்கத் தாமதமாகும். சிலந்தியை அனுப்பிய ஒவ்வொருவரும், அது எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று காட்டும் வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்தவர்கள்தான்.

நீங்களும் ஒரு நோட்டு போடுங்கள். சிலந்தியைத் தொட வேண்டாம். பெரியவர் துணையோடு தள்ளி நின்று படம் எடுங்கள். ஊர், தேதி, பார்த்த இடம் மூன்றையும் எழுதி, அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.