இரட்டை நரம்பின் கிண்கிணி

மின் கிற்றாரின் இசை வெறும் இரைச்சலே என்று இகழ்வார் உளர். ஒலியைப் பெருக்கினால் இனிமை தானே வரும் என்று எண்ணும் இளைஞரும் உளர். இரு சாராரும் பன்னிரு நரம்புக் கிற்றாரைச் செவிகொடுத்துக் கேட்டாரல்லர் என்பது என் துணிபு. யாழுக்கு நம் முன்னோர் வழங்கிய நரம்பு என்னுஞ் சொல்லையே இக்கருவியின் கம்பிகட்கும் ஆள்கின்றேன்.

1964 பெப்ரவரியில் நியூயோர்க் சென்ற பீற்றில்ஸ் குழுவின் ஜோர்ஜ் ஹரிசனுக்கு றிக்கன்பாக்கர் நிறுவனத்தார் இத்தகைய கிற்றார் ஒன்றை அளித்தனர். அக்குழுவினரின் திரைப்படத்தில் அதனைக் கண்ட அமெரிக்கரான றொஜர் மக்குவின் தாமும் ஒன்றைப் பெற்று, 1965இல் பேட்ஸ் குழுவின் இசைத்தட்டுகளில் அதன் கிண்கிணியோசையை நிலைநாட்டினார்.

அவ்வோசை பிறக்குமாறு யாது? பன்னிரு நரம்புகளும் ஆறு இணைகளாம். தடித்த நான்கு இணைகளில் ஒரு நரம்பு கீழ்த்தானத்திலும் மற்றது அதன் மேல்தானத்திலும் ஒலிக்கும். எஞ்சிய ஈரிணைகளும் ஒரே சுருதியின. எத்துணை நுணுகிச் சுருதி கூட்டினும் இணை நரம்புகள் இம்மியளவு வேறுபடும். அவ்வேறுபாடே ஓசையின் மினுக்கம். குதிரையை அடுத்த காந்தச்சுருள் கூரிய மேலோசைகளை எடுத்துத் தரும். பதிவுக்கூடத்திலோ கம்பிறசர் எனும் ஒலியொடுக்கி, மீட்டலின் முதல் வீச்சை அடக்கித் தேயும் ஓசையை நெடுநேரம் நிற்கச் செய்யும்.

ஆதலின் இவ்வொலியை நாடும் மாணவர் பெருக்கியைத் திருகுமுன் சுருதியைத் திருத்துக; வீச்சை அடக்குக. முழங்கிய ஒலியன்று, அடங்கிய ஒலியே நெடிது நிற்பது.