உப்புநீர்த் தொட்டி – 9: பாசி தின்றது போக மீதி

சென்ற வாரம் நைட்ரஜன் சுழற்சி முடிந்து தொட்டிக்குள் முதல் மீனை விட்டோம். அடுத்த சில மாதங்களில் நடக்கப்போவதை இப்போதே சொல்லிவிடுகிறேன்: பாசி பிடிக்கும். முதலில் மணலிலும் கண்ணாடியிலும் பழுப்புப் பொடியாகப் படியும். அது டயாட்டம். தண்ணீரில் கரைந்திருக்கும் சிலிகாவை எடுத்து வளர்வது. சிலிகா குறைந்ததும் பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். அதற்காகக் கடைக்கு ஓட வேண்டாம். அதற்குப் பின்னால் வருவதுதான் ஆளைச் சோதிக்கும். பாறை மேல் பச்சைப் பச்சையாக நூல்விட்டு, விரல் நீளத்துக்கு அலையும் முடிப்பாசி.

அந்தக் கட்டத்தில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "டெஸ்ட் கிட்ல பாஸ்பேட் ஜீரோ காட்டுது சார். நைட்ரேட்டும் இல்ல. அப்புறம் இதுக்குச் சாப்பாடு எங்கேர்ந்து வருது?"

கிட் பொய் சொல்லவில்லை. அது அளப்பது தண்ணீரில் மிஞ்சியதை மட்டும். பாசி ஏற்கெனவே தின்று உடம்பில் சேர்த்துக்கொண்டது அதன் கண்ணில் படாது. எனவே சோதனைக் குப்பியின் நிறத்தைப் பார்த்து மட்டும் முடிவெடுக்காமல், வரவு செலவுக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம்.

200 லிட்டர் தொட்டி. நாளொன்றுக்கு 1 கிராம் உலர்தீனி போடுகிறீர்கள். மீன்தீனியில் ஏறக்குறைய 1 சதவீதம் பாஸ்பரஸ் இருக்கும். அதாவது 10 மில்லிகிராம். பாஸ்பேட்டாகக் கணக்கிட்டால் சுமார் 30 மில்லிகிராம். வாரத்துக்கு 210 மில்லிகிராம் வரவு. ஞாயிற்றுக்கிழமை 20 லிட்டர் தண்ணீர் மாற்றுகிறீர்கள். அதில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் பாஸ்பேட் இருந்தால், வாளியோடு வெளியே போவது வெறும் 2 மில்லிகிராம். மீன் உடம்பில் சேர்வது, ஸ்கிம்மர் நுரையோடு போவது, பாறையின் சுண்ணாம்பில் ஒட்டிக்கொள்வது என்று கழித்துக்கொண்டே வந்தாலும் மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தை யாராவது தின்றே ஆக வேண்டும். நாம் ஆள் வைக்காவிட்டால் முடிப்பாசி அந்த வேலையை எடுத்துக்கொள்ளும்.

கடலில் அந்த ஆள் யார் என்பதற்கு ஜமைக்கா பெரும் விலை கொடுத்துப் பாடம் படித்தது. கரீபியன் கடலின் பவளத்திட்டுகளில் டயடிமா என்ற கடல் முள்ளெலி ஏராளமாக இருந்தது. நீண்ட கறுப்பு முட்கள். இரவெல்லாம் பாறையைச் சுரண்டிப் பாசி தின்னும். 1983-ல் பனாமா பக்கம் ஏதோ நோய் கண்டு இவை சாகத் தொடங்கின. ஓராண்டுக்குச் சற்று மேல் ஆவதற்குள் கரீபியன் முழுக்க 90 சதவீதத்துக்கும் அதிகமானவை அழிந்துபோயின. ஜமைக்காவில் பாசி மேயும் கிளிமீன்களையும் முன்பே வாரிப் பிடித்தாகிவிட்டது. 1980-ல் ஆலன் புயல் வேறு பவளங்களை நொறுக்கியிருந்தது. உடைந்த இடத்தையெல்லாம் பாசி பிடித்துக்கொண்டது. 1970-களின் இறுதியில் பாதிக்கு மேல் உயிருள்ள பவளம் இருந்த திட்டுகளில், 1990-களின் தொடக்கத்தில் மிஞ்சியது 5 சதவீதத்துக்கும் குறைவு.

வீட்டுத் தொட்டியிலும் மேய்ச்சலுக்கு ஆள் வேண்டும். டர்போ நத்தையும் ட்ரோக்கஸ் நத்தையும் நம்பகமானவை. பெரிய தொட்டி என்றால் நம் பாக் நீரிணை மீனவர்கள் ஓரா என்று அழைக்கும் மீனின் இனத்தைச் சேர்ந்த ஃபாக்ஸ்ஃபேஸ் அருமையாக மேயும். ஆனால் முதுகு முள்ளில் விஷம் உண்டு, கை வைத்தால் கடுக்கும். 200 லிட்டர் தொட்டி அதற்குப் போதவும் போதாது. இன்னொன்றையும் மறக்கக் கூடாது. நத்தை தின்றது கழிவாகத் திரும்பத் தொட்டிக்குள்ளேதான் விழும். மேய்பவர்கள் பாறையைச் சுத்தமாக வைப்பார்கள், கணக்கை முடிக்கமாட்டார்கள். தொட்டியை விட்டு வெளியே போனால்தான் செலவு.

ஆகவே முதல் செலவு உங்கள் கையால் ஆகட்டும். நீண்டுவிட்ட முடிப்பாசியை நத்தை சீண்டாது. பாறையைத் தூக்க முடிந்தால், தொட்டித் தண்ணீரே நிரப்பிய வாளியில் வையுங்கள். நூல்களை வேரோடு திருகிப் பிடுங்குங்கள். இடுக்குகளைப் புது டூத்பிரஷ்ஷால் தேயுங்கள். வாளித் தண்ணீர் பச்சையாகக் கலங்கும். அந்தக் கலங்கல் தொட்டிக்குத் திரும்பக் கூடாது. வேறு உப்புத்தண்ணீரில் அலசிய பிறகு பாறையை உள்ளே வையுங்கள். மொட்டையாகத் தெரியும் அந்தப் பாறையில், தளிர்விடும் குட்டைப் பாசியை நத்தைகள் அன்றிரவே மேய வந்துவிடும்.

அடுத்த செலவுக்கு வழிகாட்டியவர் ஸ்மித்சோனியன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் வால்டர் ஏடி. பவளத்திட்டைத் தொட்டிக்குள் அமைத்தபோது, பாசியை விரட்டாமல் அதற்குத் தனி இடம் கொடுத்தார். வலை விரித்த தட்டில் தண்ணீர் பாய, மேலே நல்ல வெளிச்சம். பாசி அங்கே செழித்தது. அவ்வப்போது சுரண்டி வெளியே எடுத்தார். வீட்டில் இதற்குச் சுலபமான வழி, சம்ப் எனும் கீழ்த்தொட்டியில் ஒரு கைப்பிடி சீட்டோ பாசி. சிக்கலான பச்சை நூலுண்டையாக இருக்கும். மேல்தொட்டி விளக்கு அணைந்த பிறகு இரவில் இதற்கு விளக்கு எரியட்டும். இரவில் பிஹெச் இறங்குவதையும் அது தடுக்கும். உண்டை பெருத்ததும் பாதியைப் பிய்த்து எடுத்துவிடுங்கள். கையில் சொட்டும் அந்தப் பச்சையில்தான் நீங்கள் போட்ட தீனியின் பாஸ்பேட் இருக்கிறது.

வரவையும் கொஞ்சம் கவனியுங்கள். நம் ஊர் வெயிலில் ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாகத் தினமும் ஊற்றுகிறோம். சமையலறை ஆர்.ஓ. மெஷினில் ருசிக்காகக் கொஞ்சம் குழாய்த் தண்ணீரைக் கலந்துவிடுவது வழக்கம். டிடிஎஸ் 50, 80 என்று நிற்கும். குடிக்க நல்லது, தொட்டிக்கு ஆகாது. அதில் வருவதெல்லாம் ஆவியாகாமல் உள்ளேயே சேரும். ஆர்.ஓ.வுக்குப் பிறகு ஒரு டி.ஐ. ரெசின் குழாய் மாட்டி, மீட்டர் பூஜ்யம் காட்டும் தண்ணீரையே ஊற்றுங்கள்.

பூஜ்யம் நல்லது என்பது இந்த ஒரு இடத்தில் மட்டும்தான். பாசியைப் பட்டினி போடுகிறேன் என்று பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு மணிகளை அள்ளிப் போட்டு, தொட்டித் தண்ணீரைத் துடைத்துவைப்பவர்கள் உண்டு. முடிப்பாசி வாடும், பவளமும் வெளிறும். காலியான இடத்துக்கு டைனோ (டைனோஃபிளாஜெல்லேட்) வரும். பழுப்புச் சளி இழை இழையாகத் தொங்கும், நுனியில் காற்றுக்குமிழ் நிற்கும். விளக்கு அணைந்தால் மறைந்து, மறுநாள் மதியத்துக்குள் மறுபடி மூடும். இதில் சில வகைகளைத் தின்ற நத்தை செத்துவிடும். இதை ஓட்ட, குறைத்ததையெல்லாம் திரும்ப ஏற்றவேண்டி வரும். நைட்ரேட் 5 பிபிஎம் அளவிலும், பாஸ்பேட் 0.03-லிருந்து 0.1 பிபிஎம் வரையிலும் நிற்கட்டும். ஏற்றுவதோ இறக்குவதோ வாரக்கணக்கில் மெதுவாக நடக்கட்டும். பாறையில் ஒட்டியிருக்கும் பாஸ்பேட் தண்ணீருக்கு வந்துகொண்டே இருக்கும் என்பதால் அவசரப்பட்டுப் பலனும் இல்லை.

மணலில் சிவப்பு ஏடாகப் படர்வதைப் பாசி என்று நினைத்து இதே வைத்தியம் செய்யாதீர்கள். அது சயனோ பாக்டீரியா. குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு, அந்த மூலைக்கு நீரோட்டத்தைத் திருப்பிவிடுங்கள்.

பிய்த்தெடுத்த பாசியைக் கடற்கரையிலோ கால்வாயிலோ வீசாமல் குப்பைத்தொட்டியில் போடுங்கள். 1984-ல் மொனாக்கோ மீன்காட்சியகத்துக்கு எதிரே கடலில் தென்பட்ட ஒரு பாசி, மத்தியதரைக் கடலோரத்தை எப்படி வளைத்துப் பிடித்தது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)