வசைச்சொல்லும் வரைபடமும்

அமெரிக்காவில் இனவாதத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், "நான் யாரையும் கேவலமாப் பேசினதில்லையே" என்று பல வெள்ளையர்கள் சொல்வார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கறுப்பினத்தவர் கேட்பது வேறு கேள்வி.

1930களில் அரசின் வீட்டுக்கடன் கூட்டுத்தாபனம் 200க்கும் மேற்பட்ட நகரங்களை வரைபடமாக்கித் தரம் பிரித்தது. கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்பு நிறமாயின. சிவப்பென்றால் அங்கே கடன் கொடுப்பது ஆபத்து என்று அர்த்தம். 1934இல் உருவான சமஷ்டி வீடமைப்பு நிர்வாகமும் அத்தகைய பகுதிகளின் கடன்களுக்கு உத்தரவாதம் தர மறுத்தது. இதற்கு யாரும் யாரையும் ஏசத் தேவையில்லை, கோப்பே போதும்.

1967இல் ஸ்டோக்லி கார்மைக்கேலும் சார்ள்ஸ் ஹமில்டனும் இப்படியான அநீதிக்கு 'நிறுவன இனவாதம்' என்று பெயரிட்டார்கள். அடுத்த வருடமே வீடமைப்பில் இனப் பாகுபாட்டைச் சட்டம் தடைசெய்தது. ஆனால் அமெரிக்க நடுத்தரக் குடும்பத்தின் பிரதான சொத்தே வீடுதான். வீடு வாங்க முடியாமற்போன தகப்பன் பிள்ளைக்கு எதை விட்டுச்செல்வார்?

ஆகவே, "நீ இனவாதியா?" என்று ஆரம்பிக்கும் பேச்சு சண்டையில்தான் முடியும். புண்படுத்திய சொல்லுக்கு மன்னிப்புக் கேட்கலாம். அரசும் வங்கியும் சேர்ந்து உண்டாக்கிய இழப்பை யார், எப்படி ஈடுசெய்வது? நேர்மையாகப் பேச விரும்புகிறவர்கள் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.