மூக்குப்பேணியை நான்கு தரம் வரைதல்

கதை எழுதுகிறவள் என்றுதான் என்னை இந்த நேரலைக்கு அழைத்தீர்கள். இன்று நான் பேசப்போவது படம் வரைவதைப் பற்றி.

பல ஆண்டுகளுக்கு முன், ஓர் இரவுப் பணியில், ஒரு முதியவரின் பதிவேட்டில் 'மாற்றமில்லை' என்று எழுதினேன். காலையில் வந்த தாதி அவருடைய வாயின் ஒரு பக்கம் சரிந்திருப்பதைக் கண்டார். பக்கவாதம். அவர் பிழைத்தார், பேச்சு முழுதாகத் திரும்பவில்லை. நான் பார்க்காமல் எழுதவில்லை. ஆனால் முதல்நாள் பார்த்த முகத்தையே அன்றும் பார்த்திருக்கிறேன்.

அதன் பிறகுதான் வரையத் தொடங்கினேன். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், ரொறன்ரோவில் எங்கள் சமையலறை மேசையில் அம்மாவின் மூக்குப்பேணியை வைப்பேன். உதடு படாமல் அண்ணாந்து தண்ணீர் குடிக்க மூக்கு வைத்த பித்தளைப் பேணி. இப்படிப் பொருளை வைத்து வரைவதை நிலைப்பொருள் ஓவியம் என்கிறோம். பிரெஞ்சில் அதற்குள்ள பெயரின் பொருள் 'இறந்த இயற்கை'.

முதலில் பென்சில். பேணியின் வாயை வட்டமாகப் போட்டேன். வட்டம் என்பது எனக்குத் தெரிந்தது. கண்ணுக்குப் பட்டதோ ஒடுங்கிய நீள்வட்டம்.

அடுத்தது கரி. தாள் முழுவதும் கரி பூசி, அழிரப்பரால் வெளிச்சத்தை மட்டும் எடுத்தேன். கோடே போடவில்லை. அடியில் விழுந்த நிழல்தான் பேணியை மேசையில் இருத்துகிறது என்று அப்போது தெரிந்தது.

நீர்வண்ணத்தில் மினுங்கும் இடத்தைத் தாளின் வெள்ளையாகவே விடவேண்டும். ஆகவே ஒளி எங்கே என்பதைத் தூரிகை நனையும் முன்பே தீர்மானிக்க வேண்டும்.

எண்ணெய் வண்ணம் மெதுவாகக் காயும்; நேற்றைய பிழையை இன்று திருத்தலாம். பித்தளை மஞ்சள் என்றிருந்தேன். மஞ்சள் கொஞ்சந்தான், மீதியெல்லாம் கபிலம், பச்சை, யன்னலின் வெள்ளை.

கனடாவில் இந்தக் கலையில் பெரிய பெயர் மேரி பிராட் (1935–2018). நியூஃபவுண்ட்லாந்தில் நான்கு பிள்ளைகளை வளர்த்தபடி வரைந்தவர். ஒரு மாலை, எல்லோரும் சாப்பிட்டெழுந்த மேசையில் வெயில் விழுந்திருப்பதைக் கண்டு வரைய உட்கார்ந்தார். வெயில் போய்க்கொண்டிருந்தது. கணவர் கிறிஸ்டபரும் ஓவியர். அவர் அந்தக் காட்சியை ஸ்லைடு படமாக எடுத்தார். அதை வைத்துத்தான் 1969இல் 'சப்பர் டேபிள்' ஓவியம் பிறந்தது. பிறகு ஸ்லைடுகளைப் பார்த்து வரைவதே அவர் வழக்கமாயிற்று. மேசையில் எதுவும் அசையவில்லை, ஒளி மட்டும் நகர்ந்தது. அவருக்கு வேண்டியது அந்த ஒளிதான். பின்னாளில் அச்சுக் கலைஞர் மசாட்டோ அரிகுஷியோடு சேர்ந்து தன் படங்களை ஜப்பானிய முறை மர அச்சுகளாகவும் ஆக்கினார். 2014இல் அவருடைய ஓவியங்கள் ரொறன்ரோவுக்கு வடக்கே, கிளைன்பர்க்கில் உள்ள மக்மைக்கல் கலைக்கூடத்துக்கு வந்தன.

நீங்களும் செய்து பாருங்கள். புதுப் பொருள் தேட வேண்டாம். தினமும் கையில் எடுக்கும் ஒன்று போதும். அதே மேசை, அதே நேரம், ஒவ்வொரு தரமும் வேறு ஊடகம். நான்காவது படத்துக்கு வரும்போது, அந்தப் பொருளைப் பற்றி எவ்வளவு தெரியாமல் இருந்தோம் என்பது விளங்கும்.

'மாற்றமில்லை' என்று இன்றும் பதிவேட்டில் எழுதுகிறேன். ஆனால் விளக்கைப் போட்டு, வாயையும் கண்ணையும் இரண்டு கைகளையும் பார்த்த பிறகே எழுதுகிறேன்.