இங்கே ஒரு கையெழுத்து சார்!

நான் பி.காம். வணிகச் சட்டத்தில் பாஸ் வேறு! ஆனாலும் போன மாதம் ஒரு லோன் விஷயமாகப் போன இடத்தில், ‘இங்க ஒண்ணு சார், இங்க ஒண்ணு’ என்று பேனாவை நீட்டியதும் பதினோரு இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவர்கள் தந்த காபியையும் குடித்துவிட்டு வந்தேன். ஒரு வரி படிக்கவில்லை. ராத்திரி தூக்கம் வராமல் புரண்டபோது ஞாபகத்துக்கு வந்தவர், ஜோ ஜாக்ஸன்.

‘யாருய்யா அது?’ என்கிறீர்களா... அமெரிக்க பேஸ்பால் வீரர். அவுட்ஃபீல்டர். அதாவது, மைதானத்தின் கடைசியில் நின்று, பறந்து வரும் பந்தைப் பிடிக்கிறவர். மட்டையைத் தொட்டாலோ, ராட்சசன்!

தெற்கு கரோலினாக்காரர். சின்ன வயசிலேயே பஞ்சாலை வேலை. எழுதப் படிக்கத் தெரியாது. மில் டீமில் ஆடும்போது ஒருநாள் புது ஷூ கடித்துக் கொப்புளம் போட, கழற்றி வைத்துவிட்டு வெறும் சாக்ஸோடு ஆடினார். ‘ஷூ இல்லாத ஜோ’ என்று பேர் ஒட்டிக்கொண்டது.

1908-ல் பெரிய லீகுக்கு வந்தார். 1911-ல் கிளீவ்லாண்டுக்கு ஆடி எடுத்த சராசரி .408. ஆயிரத்துக்கு 408 ஹிட் என்ற கணக்கு. முந்நூறு வந்தாலே அங்கே ஹீரோ! பாவம், அந்த வருஷம் பார்த்து டை காப் .420 எடுத்துத் தொலைத்தார். ஜோவுக்கு இரண்டாம் இடம்தான்.

1915-ல் சிகாகோ ஒயிட் சாக்ஸ். 1919 வேர்ல்ட் சீரிஸில் தோற்பதற்காகச் சூதாட்டக்காரர்களோடு எட்டு பேர் பேரம் பேசினதாகப் புகார். ஜோவுக்குப் பேசியது 20,000 டாலர். கைக்கு வந்தது 5,000. வாங்கினது தப்புதான். ஆனால் அந்த சீரிஸில் அவர் எடுத்தது 12 ஹிட், சராசரி .375! தோற்க ஆடினவர் கணக்கா இது? 1921-ல் கோர்ட் ஜோவை விடுவித்தது. மறுநாளே கமிஷனர் லாண்டிஸ் ஆயுள் தடை போட்டார்.

இங்கேதான் என் தூக்கம் போன சமாசாரம். 1920-ல் கிளப்போடு மூன்று வருஷ ஒப்பந்தம். வருஷத்துக்கு 8,000 டாலர். பத்து நாள் நோட்டீஸில் வீட்டுக்கு அனுப்பலாம் என்று அதில் ஒரு ஷரத்து. ‘அதை எடுத்தாச்சுன்னு சொன்னாங்க, நம்பிப் போட்டேன்’ என்பது ஜோ கட்சி. வழக்கமாக அவருக்குப் படித்துச் சொல்வது மனைவி கேட்டி. அன்றைக்குப் படிக்கவில்லை. ஷரத்து உள்ளேயே இருந்தது!

பாக்கிச் சம்பளத்துக்கு வழக்குப் போட்டார். 1924-ல் மில்வாக்கி ஜூரி, 16,711 டாலர் கொடுக்கச் சொன்னது. ‘முன்னாடி சொன்னது ஒண்ணு, இப்போ சொல்றது ஒண்ணு’ என்று நீதிபதி அதை ரத்து செய்துவிட்டார்.

சலவைக் கடை, மதுக்கடை என்று பிழைத்து, 1951-ல் ஜோ காலமானார். தடைப் பட்டியலிலிருந்து பேரை எடுத்தது 2025-ல்!

2021-ல் அவர் கையெழுத்திட்ட ஒரு போட்டோ ஏலத்துக்கு வந்தது. போன விலை, 14.7 லட்சம் டாலர். உயிரோடு இருந்தபோது பாக்கிச் சம்பளத்தை வாங்கித் தராத அதே கையெழுத்து!

நான் மறுநாளே போய் நகல் வாங்கிப் பொடி எழுத்தெல்லாம் படித்தேன். மூன்றாம் பக்கத்தில்... வேண்டாம், அந்த வயிற்றெரிச்சல் எனக்கே இருக்கட்டும். நீங்கள் முதலில் பீரோவைத் திறந்து உங்களுடையதை எடுத்துப் படியுங்கள்!